எண்ணாக மாற்றினாலும் இலக்கணம் காட்டிக்கொடுக்கும்

கேள்வி: நானும் தோழியும் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் இஷ்டப்படி ஒரு எண் வைத்து ரகசியமாக எழுதிக்கொள்கிறோம். 26 ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போடும் வழிகளே 27 இலக்கத்தில் வருமாம். நம்முடையது 247! யாராலும் உடைக்க முடியாதுதானே?

பதில்: முடியும், பென்சிலும் தாளும் போதும். கணக்கு சரிதான், ஆனால் உடைக்கிறவர் ஒவ்வொரு வழியாகப் போட்டுப் பார்த்தால்தானே அந்த 27 இலக்கத்துக்கு மரியாதை? 9-ம் நூற்றாண்டிலேயே பாக்தாத்தில் அல்-கிந்தி என்ற அறிஞர் எழுதி வைத்துவிட்டார்: எந்தக் குறி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணு, அதே மொழியில் சாதாரணமாக எழுதிய பக்கத்திலும் எண்ணு, இரண்டையும் ஒப்பிடு.

உங்கள் கடிதம் கையில் கிடைத்தால், சொல்லின் முதலில் வரவே வராத எண்களைத்தான் முதலில் தேடுவேன். புள்ளி எழுத்து சொல்லைத் தொடங்காது என்பதால் மெய்யெல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கும். அப்புறம், க், ச், த், ப் நாலும் தமிழ்ச் சொல்லுக்குள் தன் வரிசையைத் தவிர வேறெதையும் தனக்கு அடுத்து சேர்க்காது. 52-க்கு அடுத்து எப்போதும் அதே சில எண்கள்தான் வருகின்றன என்றால் 52 பெரும்பாலும் அந்த நாலில் ஒன்று. ஒற்று மிகும் இடமெல்லாம் ஒழுங்காகப் போடுகிறவர்கள் என்றால் எனக்கு இன்னும் வசதி! (தப்பும் தவறுமாக எழுதுங்கள், கொஞ்சம் பாதுகாப்பு.)

ஜெர்மானியரின் எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்துக்கும் இப்படி ஒரு பழக்கம் உண்டு, அதில் எந்த எழுத்தும் மாறி வரும்போது அதே எழுத்தாக வராது. 'வானிலை' போன்ற ஒரு சொல் செய்தியில் இருக்கும் என்று ஊகித்தால், அதைச் சங்கேத வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே போகலாம். எங்காவது மேலும் கீழும் ஒரே எழுத்து வந்தால் அந்த இடம் இல்லை, அடுத்தது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் சங்கேதம் உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில் இப்படித்தான் இடம் பிடித்தார்கள்.

கேள்வி: அப்படியானால் உடைக்கவே முடியாதது என்று ஒன்றும் இல்லையா?

பதில்: இருக்கிறது. செய்தி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குக் குருட்டாம்போக்கில் எடுத்த எண்களைச் சாவியாக வைத்து, எழுத்துக்கு ஒன்றாகக் கூட்டி, ஒரே தடவையோடு கிழித்துப் போட்டுவிட வேண்டும். இதை உடைக்க முடியாது என்று அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949-ல் வெளியிட்ட கட்டுரையில் நிரூபித்தார். சோவியத் ஆட்கள் இதைத்தான் பயன்படுத்தினார்கள், ஆனால் போர்க்கால அவசரத்தில் சில சாவித் தாள்கள் இரண்டு வெவ்வேறு சாவிப் புத்தகங்களில் அச்சாகிவிட்டன. ஒரே சாவியில் போன இரண்டு செய்திகளில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் சாவி அடிபட்டுப்போய் இரண்டு செய்திகளின் வித்தியாசம்தான் மிஞ்சும். சோவியத் ரகசியச் செய்திகளைப் படிக்க அமெரிக்கர்கள் நடத்திய வெனோனா திட்டம் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே போனது.