அடிப்பிடித்த சோறும் அறுநூறு ரூபாயும்

கேள்வி: பெங்களூரில் இருக்கும் மகளைப் பார்க்க நானும் மனைவியும் போயிருந்தோம். மருமகன் ஆசையாக ஒரு ஸ்பானிஷ் ஓட்டலுக்குக் கூட்டிப் போனார். தபாஸ் என்று பெயராம். ஆளுக்கு ஒரு வாய் வருகிற மாதிரி தட்டுத் தட்டாக வைத்தார்கள். முட்டை அடை ஆறிக் கிடந்தது. வறுத்த உருளைக்கிழங்கின் மேல் தக்காளி சாஸ். வீட்டுக்கு வந்து தயிர்சோறு சாப்பிட்ட பிறகுதான் தூக்கம் வந்தது. “போன தடவை ஆர்டர் பண்ணினது சரியில்லை மாமா” என்று அடுத்த முறையும் அங்கேயே கூட்டிப் போனார். சம்பந்தியம்மாவும் சேர்ந்து ஐந்து பேர். ஐந்து பேருக்கு நாலு உருண்டை வந்தது. இறால் ஆறிப்போன எண்ணெயில் மிதந்தது. சோறு அடிப்பிடித்திருந்தது. பில் 6,930 ரூபாய். “இந்தக் காசுக்குப் பிரானூர் பார்டரில் ஒரு வாரம் பரோட்டா திங்கலாம்” என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் பொங்கலுக்குப் பிறகு மூன்றாவது தடவை கூட்டிப் போகப் போவதாக மகள் சொல்கிறாள். எங்களுக்குத் தின்னத் தெரியவில்லையா, ஓட்டல்காரன் ஏமாற்றுகிறானா? நான் என்ன செய்ய?

– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கல்லிடைக்குறிச்சி

பதில்: அண்ணாச்சி, இத்தனை வருஷம் தபாலோடு கிடந்தவருக்குக் கடைசியில் தபாஸ் வந்து சேர்ந்திருக்கிறது. கடிதத்தோடு பில்லின் நகலையும் மறக்காமல் வைத்திருக்கிறீர்கள். தபால்காரர் புத்தி போகாது. அந்த நகலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நாலு உருண்டை. மனக்கசப்பு அங்கேதான் தொடங்கியிருக்கிறது. ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் நாலு உருண்டை வந்தால் யாரும் கை நீட்ட மாட்டார்கள். “எனக்கு வேண்டாம், நீ எடு” என்று ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டிருக்கும்போதே அது ஆறிப்போகும். கடைசியில் உங்கள் வீட்டம்மா கரண்டியால் ஒன்றை இரண்டாகப் பிளந்து பாதியைச் சம்பந்தியம்மா தட்டில் வைத்திருப்பார். எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

ஆனால் தபாஸ் என்பதே சின்னத் தட்டுதான். ஸ்பானிய மொழியில் ‘தபா’ என்றால் மூடி. ஒயின் கோப்பையில் ஈ விழாமல் ஒரு ரொட்டித் துண்டை மேலே வைத்து மூடினார்களாம், அதிலிருந்து வந்த பெயராம். கதைதான், சத்தியம் பண்ண முடியாது. அங்கே ராத்திரிச் சாப்பாடே ஒன்பது, பத்து மணிக்கு. அதற்கு முன்னால் ஒரு கடையில் நின்றபடி ஒரு வாய், அடுத்த கடையில் இன்னொரு வாய் என்று பேசிக்கொண்டே நடப்பார்கள். கிரனடா நகரத்தில் குடிக்க ஒன்று வாங்கினால் தபா இனாமாகவே வரும். வடக்கே பாஸ்க் நாட்டில் ரொட்டித் துண்டின் மேல் குச்சி குத்தி அடுக்கி வைத்திருப்பார்கள். வேண்டியதை எடுத்துத் தின்றுவிட்டுக் கடைசியில் குச்சியை எண்ணிக் காசு கொடுப்பது பழைய வழக்கம். நம் டீக்கடையில் “எத்தனை வடை அண்ணாச்சி?” என்று கேட்டு, நாம் சொல்லுகிற கணக்கை நம்புகிறார்களே, அது மாதிரி.

சாயங்காலம் நெல்லை டவுனுக்குப் போனால் நாமும் இதைத்தானே செய்கிறோம்? கீழரத வீதியில் நின்று இலைத்துண்டில் ஐம்பது கிராம் அல்வா சுடச்சுட வாங்கி, கையெல்லாம் நெய் வழியத் தின்று, தித்திப்புப் போக ஒரு பிடி மிக்சரைப் போட்டுக்கொண்டு, வாகையடி முக்கு வரைக்கும் நடந்து ஒரு டீ. அதைச் சாப்பாடு என்று யாராவது சொல்வோமா? அதே அல்வாவைப் பீங்கான் தட்டில் வைத்து, ஏசி போட்டு, ராத்திரி ஏழரை மணிக்குப் பசியோடு வந்த குடும்பத்துக்கு “இதுதான் உங்கள் டின்னர்” என்று கொடுத்தால் அல்வாவுக்கும் கெட்ட பெயர், நமக்கும் பட்டினி. உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஆனால் எல்லாக் குறையையும் இந்த ஒரு காரணத்தில் தள்ளிவிட முடியாது. முட்டை அடை ஆறியிருந்தது குற்றமில்லை. உருளைக்கிழங்கை ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைத்து, முட்டையில் கலந்து, கனமாகச் சுட்டெடுக்கிற தோர்த்தியா அது. ஸ்பெயினிலும் பெரும்பாலும் ஆறவைத்துத்தான் வெட்டித் தருவார்கள். உருளைக்கிழங்கின் மேல் தக்காளி சாஸ் ஊற்றியது சுத்தச் சோம்பேறித்தனம். பதாதாஸ் பிராவாஸ் என்றால் மிளகாய்த்தூள் காரம் சுள்ளென்று நாக்கில் ஏற வேண்டும், ‘பிராவா’ என்றால் முரடு, பெயரிலேயே அந்த முறுக்கு இருக்கிறது. இறாலுக்கு மன்னிப்பே கிடையாது. பூண்டும் வற்றலும் போட்ட எண்ணெய், மண்சட்டியில் சளசளவென்று கொதித்தபடி மேசைக்கு வரவேண்டிய பண்டம். ஆறிப்போய் வந்ததென்றால் பரிமாற ஆளில்லாமல் அடுப்படியில் கிடந்திருக்கிறது. அப்போதே திருப்பி அனுப்பியிருக்கலாம்.

அடுத்து, அடிப்பிடித்த சோறு. இதில் நீங்கள் தோற்றீர்கள் அண்ணாச்சி. நீங்கள் தின்றது பயேயா, ஸ்பெயினில் வலென்சியாப் பக்கத்துச் சோறு. அகலமான தட்டையான இரும்புச் சட்டியில் கிண்டாமல் விட்டு, அடியில் பொன்னிறமாய் மொறுமொறுவென்று ஒரு ஏடு பிடிக்க வைப்பதுதான் கைப்பக்குவம். ‘சொக்கராத்’ என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு. சட்டியைச் சுரண்டி அதற்குப் போட்டி போடுவார்கள். சின்ன வயதில் பொங்கல் பானையின் காந்தலுக்கு அக்கா தங்கைகளோடு நாம் சண்டை போடவில்லையா? கறுத்துக் கசந்தால்தான் தப்பு. நீங்கள் கசந்தது என்று எழுதவில்லை. அந்தக் காந்தலை உங்கள் மருமகன் தேடிப்பிடித்து உங்கள் தட்டில் வைத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

இப்போது பில். சாப்பாடு 6,000, சர்வீஸ் சார்ஜ் 600, இரண்டுக்கும் சேர்த்து ஐந்து சதவீத ஜிஎஸ்டி 330. ஜிஎஸ்டி அரசாங்கத்துக்கு, அதைக் கொடுக்கத்தான் வேண்டும். அந்த அறுநூறு அப்படியில்லை. சர்வீஸ் சார்ஜைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. மேசையில் இருக்கும்போதே “இதை எடுத்துவிடுங்கள்” என்று சாவதானமாகச் சொன்னால் போதும், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் 1915 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். ஆனால் பணம் கொடுத்தது மருமகன். அவருக்குத் தெரியாமல் நீங்கள் புகார் எழுதப் போகாதீர்கள். இருக்கிற பிணக்கே போதும்.

பிணக்கு என்றேன். ‘சம்பந்தியம்மாவும் சேர்ந்து’ என்று ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். பெற்ற தாயை வைத்துக்கொண்டு, ஆசையாகக் கூட்டிப் போன பிள்ளையிடம் பரோட்டாக் கணக்குப் பேசினால் அவர் முகம் எப்படி இருக்கும்? சம்பந்தியம்மாவும் பசியோடுதான் எழுந்திருப்பார். அவர் சொல்லவில்லை, நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

உங்களைக் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. சில வருஷம் முன்பு எங்கள் வீட்டு மறுவீட்டுக்கு வடக்கே இருந்து ஒரு நண்பர் வந்திருந்தார். சொதி. தேங்காயில் மூன்று பால் எடுத்து, கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சை பிழிந்த அசல் திருநெல்வேலிச் சொதி. மனுஷர் இரண்டு கரண்டி விட்டுச் சாப்பிட்டுவிட்டு, சொதிக்குத் துணையான இஞ்சித் துவையலைத் தொடாமல், கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். சாம்பார் வரும் என்று காத்திருந்திருக்கிறார். காரில் போகும்போது, “சூப் நன்றாக இருந்தது, சாப்பாடு எப்போது?” என்றார். ரயிலடி வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. இதுதான் சாப்பாடு, இதை இப்படித் தின்ன வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மேசைக்கு வந்த பையனும் ஐந்து பேரைப் பார்த்ததும், “இதில் நாலுதான் சார் வரும்” என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஓட்டலின் பெரிய குற்றமாக எனக்குப் படுவது இதுதான்.

மூன்றாவது தடவை போங்கள். சாயங்காலம் காபியோடு இரண்டு தோசை தின்றுவிட்டு எட்டரைக்கு மேல் கிளம்புங்கள். ஒரு தட்டில் எத்தனை உருப்படி என்று கேட்ட பிறகே ஆர்டர். இரண்டிரண்டு தட்டாகச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டாம். அந்த உருண்டையில் பல இடங்களில் பன்றித் தொடைக்கறி கலப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சோறு கேட்ட பிறகு அரை மணி நேரம் ஆகிறது என்றால் நல்ல சகுனம், பொறுத்திருங்கள்.

அதற்கு முன்னால் மருமகனுக்கு நீங்களே போன் போடுங்கள். மகள் மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள். மன்னிப்பு என்று பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம், அவருக்கும் கூச்சமாகிவிடும். “மாப்பிள்ளை, அந்தக் காந்தல் சமாச்சாரம் எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது” என்று ஆரம்பியுங்கள், மிச்சத்தை அவர் பேசுவார். பொங்கலுக்கு வரும்போது சம்பந்தியம்மாவையும் அழைத்துவரச் சொல்லுங்கள். ஒருநாள் மத்தியானம் சொதி வையுங்கள். இஞ்சித் துவையல் எதற்கு என்பதை இலை போட்டதுமே சொல்லிவிடுங்கள்.