விஆர் லென்ஸுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கேள்வி: என்னிடம் நிக்கோன் டி3500 கமரா இருக்கிறது. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் 70-300 மிமீ ஏஎஃப்-பி லென்ஸ் கேட்டேன். விஆர் (கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி) உள்ளது, இல்லாதது என்று இரண்டை எடுத்து வைத்தார்கள். விலையில் நல்ல வித்தியாசம். பேரை வாவியில் கூழைக்கடாக்களை எடுக்க வேண்டும், மகளின் நடனத்தையும் மேடையில் எடுக்க வேண்டும். எதை வாங்கலாம்?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: கூழைக்கடாவுக்கு என்றால் விஆர் உள்ளதையே வாங்குங்கள். நடனத்துக்கு என்றால் அந்தக் காசு வீண்.

விஆர் தடுப்பது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான். உங்கள் கமராவில் 300 மிமீ லென்ஸ் 450 மிமீ போலக் காட்டும். அதனால் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் 1/500 நொடியாவது வேண்டும். விஆர் இருந்தால், அசையாமல் இருக்கும் பறவையை 1/60இல்கூடத் தெளிவாக எடுக்கலாம். மாலை மங்கலில் இது பெரிய உதவி. வியூஃபைண்டரில் காட்சி ஆடாமல் நிற்பதும் ஒரு சுகம், பழகிவிட்டால் விடமாட்டீர்கள்.

ஆனால் ஆடுகிற பிள்ளையை விஆர் நிறுத்தாது. ஆடிவேல் விழாவில் நான் பட்ட பாடு இதுதான். படத்தில் தேர் கச்சிதமாக வந்தது, முன்னால் காவடி ஆடியவரோ வெறும் புகை. நடனத்துக்கு 1/250 அல்லது அதற்கு மேல் தேவை, அதற்கு வெளிச்சம் வேண்டும். இந்த லென்ஸோ 70 மிமீயில் எஃப்4.5, 300க்குப் போனால் எஃப்6.3 (எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). மண்டபத்தில் முன்வரிசை கிடைக்குமென்றால் 50 மிமீ எஃப்1.8 லென்ஸைப் பாருங்கள். அதில் விஆர் இல்லை, பரவாயில்லை. எஃப்4.5ஐவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பின்வரிசை என்றால் ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றுவதைத் தவிர வழியில்லை.

இரண்டும் இப்போதே வாங்க முடியாதா? அரங்கேற்றம் பக்கத்தில் இருந்தால் 50 மிமீ முதலில், கூழைக்கடா எங்கும் போகாது.

கடையில் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு 70-300 லென்ஸும் பார்க்க ஒரே மாதிரி, விஆர் சுவிட்ச் எதிலும் இல்லை. பெயரின் கடைசியில் விஆர் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கமராவிலேயே மாட்டி, 300இல் ஷட்டரைப் பாதி அழுத்துங்கள். விஆர் இருந்தால் காட்சி சட்டென்று நிதானமாகும். அப்புறம் ஏஜென்ட் வாரண்டியா, கடை வாரண்டியா என்று கேட்டு, லென்ஸின் முழுப் பெயரையும் விஆர் சேர்த்தே பில்லில் எழுதச் சொல்லுங்கள்.