பாஹ்1 நீக்கிய ஈஸ்ட்டில் உட்கரு வால் நீட்டுவது ஏன்?

பாஹ்1 மரபணுவை நீக்கிய ஈஸ்ட்டில் உட்கரு வீங்கி, ஒரு பக்கம் வால் நீட்டியதுபோல் தெரிகிறது, சாயம் போட்டதில் பிழையோ என்று கேட்டிருக்கிறீர்கள். சாயத்தைக் குறை சொல்ல வேண்டாம். அந்த மரபணு போனால் உட்கரு அப்படித்தான் இருக்கும்.

பாஹ்1 என்ற நொதி, சவ்வுக் கொழுப்புகளுக்கு மூலப்பொருளான பாஸ்பாடிடிக் அமிலத்தை டைஅசைல்கிளிசரால் என்ற கொழுப்பாக மாற்றி, சேமிப்புக் கொழுப்பின் பக்கம் திருப்பிவிடும். செல் பிரியும் சமயத்தில், செல் பிரிவை நடத்தும் சிடிகே1 என்ற நொதி பாஹ்1-இல் பாஸ்பேட்டை ஒட்டி அதை அடக்கிவைக்கும். அமிலம் தேங்கி, சவ்வுக் கொழுப்பாகப் போகும். தேங்கிய அமிலம் ஓபிஐ1 என்ற தடைப்புரதத்தையும் எண்டோபிளாச வலைச்சவ்விலேயே பிடித்து வைத்துக்கொள்வதால், ஐஎன்ஓ1 போன்ற, சவ்வுக் கொழுப்பு உற்பத்திக்கான மரபணுக்கள் தடையின்றி ஓடும். ஈஸ்ட் உட்கரு உறையைக் கலைக்காமலே பிரிகிற செல். அந்த நேரத்தில் கூடுதல் சவ்வு வேண்டாமா? பிறகு நெம்1-ஸ்போ7 என்ற புரத ஜோடி பாஸ்பேட்டைக் கழற்றி பாஹ்1 நொதியை எழுப்பிவிடும். உங்கள் செல்லில் எழுப்புவதற்கு நொதியே இல்லை, சவ்வு வளர்ந்துகொண்டே போகிறது.

அந்த வால் நியூக்ளியோலஸ் (உட்கருவுக்குள் ரைபோசோம் தயாராகும் பகுதி) பக்கமாக நீள்கிறதா என்று பாருங்கள். நெம்1 நீக்கிய ஈஸ்ட் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதுவும் இதே கோலம்தான். அப்புறம், நோகோடசோல் என்ற மருந்து போட்டு செல் பிரிவின் நடுவில் நிறுத்திய செல்களை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்: அதில் சாதாரண ஈஸ்ட்டுக்கும் வால் முளைக்கும்.