வாசகர் கேள்வி – பதில்: கொடைக்கானல் மண்ணில் அமெரிக்க ஜாடி ஓடுகள்

கேள்வி: கொடைக்கானலில் பழைய பங்களா ஒன்றின் பின்புறம் மதில் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது தடித்த ஜாடி ஓடுகள் சில கிடைத்தன. வெளிப்புறம் சாம்பல் நிறமாக, ஆரஞ்சுப் பழத்தோல் போலச் சிறு குழிகளுடன் இருக்கிறது. அதன்மேல் நீல நிறத்தில் பூ வரைந்த தடம் தெரிகிறது. உட்புறம் அடர்ந்த பழுப்பு நிறம். இவை அமெரிக்காவிலிருந்து வந்தவையாக இருக்குமா?
— வாசகி, கொடைக்கானல்

பதில்: இருக்கக்கூடும். நீங்கள் எழுதியுள்ள அடையாளங்களில் உட்புறப் பழுப்பு நிறமே எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. சாம்பல் நிறமும் பழத்தோல் போன்ற மேற்பரப்பும் உப்பு மெருகிட்ட ஸ்டோன்வேர் பாண்டத்தின், அதாவது மிகுந்த வெப்பத்தில் கல்போல் இறுகச் சுட்ட பாண்டத்தின், அடையாளங்கள். சூளையின் வெப்பம் 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டி உச்சத்தை எட்டும்போது குயவர் அதனுள் உப்பை வீசுவார். உப்பிலிருந்து எழும் சோடிய ஆவி களிமண்ணிலுள்ள சிலிக்காவுடன் சேர்ந்து பாண்டத்தின் மேல் கண்ணாடிப் படலமாகப் படியும். கோபால்ட் நிறமி அந்த வெப்பத்தையும் தாங்குவதால்தான் பூ இன்றும் நீலமாகவே இருக்கிறது. ஆனால் இந்த முறை முழுவதும் ஜெர்மனியின் ரைன் பகுதியில் முன்பே வழங்கியது. நியூயார்க்கில் பேர்பெற்ற குரோலியஸ், ரெம்மி குடும்பத்தினரும் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களே. ஆகவே சாம்பலையும் நீலத்தையும் மட்டும் வைத்து அமெரிக்கப் பாண்டம் என்று தீர்மானிக்க முடியாது.

உட்புறத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. ஜாடியின் வாய் குறுகியது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் சுட்டார்கள். அதனால் உப்பு ஆவி உள்ளே சரியாகச் சென்று படியவில்லை. அதற்காக 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குயவர்கள், நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி ஊர்ப்பகுதியில் வெட்டியெடுத்த ஒருவகைக் களிமண்ணைக் குழம்பாகக் கரைத்து உள்ளே பூசினார்கள். அது சூளையில் தானே உருகிப் பழுப்பு மெருகாகிவிடும். வெளியே உப்பு மெருகு, உள்ளே ஆல்பனிப் பூச்சு என்ற சேர்க்கை அமெரிக்கப் பட்டறைகளைத்தான் பெரிதும் சுட்டுகிறது. கொடைக்கானலில் 1845-இல் முதல் வீடுகளைக் கட்டியவர்கள் மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் ஊகத்துக்கு நியாயம் உண்டு.

ஓடுகளில் ஏதேனும் ஒன்றில் எழுத்து முத்திரை இருக்கிறதா என்று பொறுமையாகத் தேடிப் பாருங்கள். வெர்மாண்ட் மாநிலத்துப் பென்னிங்டனில் 1894 வரை இயங்கிய நார்ட்டன் குடும்பப் பட்டறையில் கூட்டாளிகள் மாறும்போதெல்லாம் முத்திரையும் மாறியது. அத்தகைய முத்திரையின் சிறு துண்டுகூட ஜாடி எந்தப் பத்தாண்டில் செய்யப்பட்டது என்று காட்டிவிடும். தனியே ஓர் எண் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் கொள்ளளவு. எத்தனை காலன் என்று குறித்தது, ஆண்டு அன்று.

கேள்வி: ஊறுகாய் ஜாடி உடைந்த ஓட்டை வைத்து வரலாறு எழுத முடியுமா? இதற்கெல்லாம் அகழாய்வு எதற்கு?
— வாசகர், பண்ணைக்காடு

பதில்: எழுத முடியும், எழுதப்பட்ட வரலாற்றைத் திருத்தவும் முடியும். வர்ஜீனியா அன்று ஆங்கிலேயரின் குடியேற்ற நாடு. அதன் ஆளுநர் கூச், 1730-களில் லண்டனுக்கு அனுப்பிய அறிக்கைகளில், யார்க்டவுனில் ஓர் ஏழைக் குயவர் இருப்பதாகவும் அவருடைய தொழில் பொருட்படுத்தத் தக்கதன்று என்றும் எழுதினார். குடியேற்ற நாட்டில் உற்பத்தி வளர்வதை லண்டன் விரும்பாத காலம் அது. 20-ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தைத் தோண்டியபோது பெரிய சூளையும், மண்பாண்டம், உப்பு மெருகிட்ட ஸ்டோன்வேர் ஆகிய இரண்டின் கழிவுக் குவியல்களும் வெளிப்பட்டன. வில்லியம் ராஜர்ஸ் என்ற அந்த மனிதர் ஏழையும் அல்லர், அவர் தொழில் சிறியதும் அன்று. அறிக்கை மறைத்த உண்மையைச் சூளையில் வெடித்தும் கோணியும் போன பாண்டங்கள் காப்பாற்றி வைத்திருந்தன. முழு ஜாடி எங்கும் விலைபோகும், எங்கும் பயணம் செய்யும். பழுதான ஓடு மட்டுமே செய்த இடத்தில் கிடக்கும். இந்தத் துறையில் அழகிய ஜாடியைவிடச் சூளைக்கழிவை நான் மேலாக மதிப்பது அதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் கார்லியர்ஸ் ஹூக் பகுதியில் 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாமஸ் காமரா என்பவர் தம் பெயரை முத்திரையிட்டு ஜாடிகள் செய்தார். சேகரிப்பாளர்கள் அவரை ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையர் என்றே பல தலைமுறைகளாக எழுதிவந்தார்கள். பின்னர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டியபோதுதான் அவர் சுதந்திரமான கறுப்பினக் குயவர் என்பது தெரியவந்தது. அதே நகரில் கறுப்பின மக்களைப் புதைத்த பழைய இடுகாடு 1991-இல் கட்டட வேலையின்போது வெளிப்பட்டது. அந்த நிலத்தில் பக்கத்துப் பட்டறைகளின் ஸ்டோன்வேர் கழிவுகளும் கொட்டப்பட்டிருந்தன. மாண்டவர் உறங்கும் நிலத்தைக் குப்பைமேடாகக் கருதியவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்த ஓடுகளே சாட்சி. இதைப் படித்தபின் ஓட்டை வெறும் ஓடாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கறுப்பும் சிவப்புமான ஓடுகள் கிடைக்கின்றன. இவையும் வெள்ளைக்காரர் காலத்தவையா?
— வாசகர், தாண்டிக்குடி

பதில்: இல்லை. தாண்டிக்குடி பெருங்கற்காலப் புதைகுழிகள் உள்ள ஊர். உங்களிடம் உள்ளவை அந்தப் பழமையைச் சேர்ந்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். செண்பகனூர் அருங்காட்சியகத்தில் இம்மலையின் கல்பதுக்கைகளில் (கற்பலகைகளால் அமைத்த பழைய ஈமச்சின்னங்களில்) கிடைத்த பொருள்கள் உள்ளன, ஒப்பிட்டுப் பாருங்கள். உடைந்த விளிம்பில் ஒரு சொட்டு நீர் விட்டால், மண்பாண்டம் உறிஞ்சிக்கொள்ளும். ஸ்டோன்வேரில் நீர் அப்படியே நிற்கும்.

கேள்வி: கிடைத்த ஓடுகளைக் கழுவி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?
— வாசகி, கொடைக்கானல் (முதல் கேள்வி கேட்டவர்)

பதில்: இப்போதைக்குக் கழுவ வேண்டாம்; உள்ளே ஒட்டியுள்ள படிவு ஜாடியில் என்ன இருந்தது என்பதைச் சொல்லக்கூடும். எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், வேறு எந்தப் பொருளுடன் கிடைத்தது என்பதை இன்றே எழுதி, குழியை மூடுமுன் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கண்ணாடிப் புட்டித் துண்டோ, நாணயமோ, ஆணியோ அதே அடுக்கில் இருந்தால் அதையும் பிரிக்காமல் வையுங்கள், ஏனெனில் ஜாடியின் காலத்தைவிட அது புதைந்த காலத்தை அவையே தெளிவாகக் காட்டும். நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆகவே விற்பதையோ கைமாற்றுவதையோ எண்ணாமல், குறிப்புகளுடன் மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.