சாணை பிடித்தும் கூர் நிற்கவில்லையே!

வாசகர் கேள்வி – பதில்

கத்தி, கத்தரிக்கோல், மிக்ஸி பிளேடு என்று சாணைக்குக் கொடுத்த பொருள் கெட்டுத் திரும்பியதாக வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: தெருவில் வந்த சாணைக்காரரிடம் மூன்று எவர்சில்வர் கத்திகள் கொடுத்தேன். அன்றைக்குத் தக்காளியில் வைத்த மாத்திரத்தில் இறங்கியது. மூன்றாம் நாளே தோலில் வழுக்குகிறது. கத்தி மட்டமா, சாணை மட்டமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கத்தியைக் குறை சொல்ல வேண்டாம். பிசிரை எடுக்காமல் கொடுத்திருக்கிறார். ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்க்கும்போது எதிர்ப்பக்கத்தில், வாயின் (வெட்டும் விளிம்பின்) நீளம் முழுக்க, மெல்லிய உலோக இதழ் ஒன்று சுருண்டு எழும். அதுதான் பிசிர். முதல் நாள் தக்காளியை வெட்டியது அந்த இதழ். பலகையில் நாலு தட்டுத் தட்டியதும் அது மடங்கி வாயை மூடிக்கொள்ளும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும்.

சோதிப்பது எளிது. விரல் நுனியை முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கிக் கொண்டுபோய், வாயைத் தாண்டி வெளியே இழுங்கள். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் எதிலோ மாட்டுவது போலவும் இருந்தால், மாட்டுகிற பக்கத்தில் பிசிர் இருக்கிறது.

இதற்காக மறுபடி சாணைக்குப் போக வேண்டியதில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல்லின் நைஸ் பக்கத்தை நனைத்து வையுங்கள். கத்தியின் முதுகைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, பிசிர் உள்ள பக்கத்திலிருந்து தொடங்கி, பக்கத்துக்கு ஒரு இழுப்பாக மாற்றி மாற்றிப் பத்து இழுப்பு. கத்தியின் சொந்த எடையே போதும். அழுத்தினால் பிசிர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகுமே தவிர உதிராது. பலரும் தவறுவது இங்கேதான். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னே போக, வாய் பின்னால் வர, பக்கத்துக்கு ஐந்து ஆறு முறை இழுங்கள். கல் இல்லாத வீட்டில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு இல்லாத சொரசொரப்பான வளையம் தெரியும். அதுவும் இந்த வேலைக்கு ஆகும்.

அடுத்த முறை சாணைக்காரரிடம் போகும்போது பையில் ஒரு பழுத்த தக்காளி கொண்டுபோங்கள். கத்தியைக் கையில் வாங்கியதும் ஒரு மரக்கட்டையில் நாலு முறை லேசாகக் குறுக்கே வெட்டிவிட்டு, பிறகு தக்காளியில் வையுங்கள். அடிப்பகுதி, நடு, நுனி மூன்று இடத்திலும் பாருங்கள். மரத்தில் வெட்டிய பிறகும் அழுத்தாமல் இறங்கினால் காசு கொடுக்கலாம். காகிதத்தைக் கிழித்துக் காட்டுவதை நம்பாதீர்கள். பிசிரும் காகிதத்தை நன்றாகவே கிழிக்கும்.

கேள்வி: இரும்புக் கத்தி. மோட்டார் சாணையில் பிடித்து வந்த பிறகு வாயோரம் ஓரிடத்தில் நீலமாக இருக்கிறது. அந்த இடம் மட்டும் சீக்கிரம் மழுங்குகிறது. பழையபடி ஆக்க முடியுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பதம் போய்விட்டது. கொல்லுப் பட்டறையில் காய்ச்சி முக்கி ஏற்றிய கடினத்தை, அதாவது தோய்ச்சலை, சாணைக்கல்லின் சூடு இறக்கிவிட்டது. பழுக்கக் காய்ச்சித் தோய்த்த இரும்பு, 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் மறுபடி சூடுகாட்டி எடுத்த பிறகே கத்திக்கு ஏற்ற பதத்துக்கு வரும். அந்தச் சூட்டைத் தாண்டினால் மிருதுவாகும். எவ்வளவு தாண்டியது என்பதை நிறமே சொல்லிவிடும்: வைக்கோல் மஞ்சள் என்றால் ஏறக்குறைய 220 டிகிரி, பழுப்பு 250-க்குமேல், நீலம் 300-ஐ ஒட்டி.

ஆறு அங்குலக் கல், நிமிடத்துக்கு 2,850 சுற்று ஓடும் மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லின் விளிம்பு வினாடிக்குச் சுமார் 22 மீட்டர் வேகத்தில் உரசுகிறது. கத்தியின் முதுகு தடிமனானது, சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாயோ காகிதத்தைவிட மெல்லியது. சூடு போக இடமில்லாமல் ஒரு நொடியில் நீலமாகிவிடும். முதுகைத் தொட்டுப் பார்த்து ‘சூடே இல்லையே’ என்று சாணைக்காரர் சொல்வது பொய்யல்ல, தொட்ட இடம்தான் தவறு. மிதித்துச் சுற்றும் சைக்கிள் சாணையில் இந்த ஆபத்து குறைவு.

நீலத்தைக் கடைசியில் பஃபிங் (மெருகுச் சக்கரம்) போட்டு மறைத்துவிடுவதும் உண்டு; நிறம் போகும், மிருது போகாது. சந்தேகம் இருந்தால் அரத்தை எடுத்துக் கெட்ட இடத்திலும் நல்ல இடத்திலும் வாயோரமாக லேசாக வைத்துத் தள்ளிப் பாருங்கள். மிருதுவான இடத்தில் அரம் கடிக்கும். பதம் உள்ள இடத்தில் வழுக்கும்.

நீலம் ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால், தண்ணீர் ஊற்றிய கல்லில் கையாலேயே தேய்த்து அந்தப் பகுதியைக் கடந்துவிடலாம். நாலைந்து மில்லிமீட்டர் ஏறியிருந்தால் தேய்த்து மாளாது. கொல்லரிடம் கொடுத்துத் திரும்பத் தோய்ச்சல் ஏற்றச் சொல்லுங்கள். எவர்சில்வர் கத்தி இந்தச் சூட்டைக் கொஞ்சம் அதிகம் தாங்கும். ஆனால் அதில் நிறம் இன்னும் கூடுதல் சூட்டில்தான் தெரியும் என்பதால், நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இனி கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘பக்கத்தில் தண்ணீர் வாளி வைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் முக்கி எடுப்பீர்களா?’ தீப்பொறி பறப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். எரிவது உதிர்ந்த துகள்தான். பொறி கத்தியின் மேல்பக்கமாக வழிந்து வரத் தொடங்கினால் கல் வாயை எட்டிவிட்டது. அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டுக்கே வந்து வாங்கிப்போகும் சேவையில் கொடுத்த கத்தி, வெங்காயத்தைக் கடைசிவரை வெட்டுவதில்லை. துண்டுகள் சரம் சரமாக ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. கூர் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கூர் இருக்கும், வாய் நேராக இருக்காது. கத்தியைச் சமமான பலகையில் வெட்டும் நிலையில் நிறுத்தி, பின்னால் டார்ச் அடியுங்கள். பிடிக்கு அருகே பலகைக்கும் வாய்க்கும் நடுவில் வெளிச்சக் கீற்று தெரிகிறதா? அங்கே குழிவு விழுந்திருக்கிறது. கல்லில் வைக்கும் முதல் நொடியில் கை தயங்குகிறது, அழுத்தமும் அதிகம். ஒவ்வொரு முறையும் பிடியோரமே கூடுதலாகத் தேய்கிறது. நுனி மழுங்கி உருண்டையாவதற்கும் இதே தயக்கம்தான் காரணம்: இழுப்பு முடியும் இடத்தில் கல்லைவிட்டு எடுக்கத் தாமதிப்பது.

சரிசெய்ய, கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து வாயையே சொரசொரப்பான கல்லில் தேய்க்க வேண்டும். ஆமாம், கூரை வேண்டுமென்றே கெடுக்கத்தான் வேண்டும். வெளிச்சக் கீற்று மறைந்ததும் இரு பக்கமும் புதிதாகச் சரிவு எடுக்க வேண்டும். பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. நான்கு சென்டிமீட்டர் அகலமான கத்தியில் முதுகைக் கல்லிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கினால் 15, ஒன்றேகால் தாண்டி ஒன்றரைக்குள் என்றால் 20. பழக்கமில்லாத கைக்கு ஒரு மணி நேர வேலை. அந்தச் சேவையிடமே திருப்பிக் கொடுத்துச் செய்யச் சொல்வது நியாயம், ஆனால் டார்ச் வெளிச்சத்தில் குழிவைக் காட்டிவிட்டுக் கொடுங்கள். ‘கூர் இல்லை’ என்று பொதுவாகச் சொன்னால் இன்னொரு முறை கல்லில் ஓட்டிக் குழிவை ஆழமாக்கிவிடுவார்கள்.

கேரட் வெட்டுப்படாமல் படக்கென்று பிளக்கிறது என்றால் அது வேறு கோளாறு: பல முறை சாணை பிடித்துக் கத்தி அகலம் குறைந்து, வாய்க்கு மேலே தடித்துவிட்டது. அதற்குப் பக்கவாட்டை மெலிய வைக்க வேண்டும்.

கேள்வி: மிக்ஸி பிளேடைச் சாணை பிடித்ததிலிருந்து ஜார் அதிர்கிறது, அடியில் ஒழுகவும் ஆரம்பித்துவிட்டது.
– வாசகர், விருதுநகர்

பதில்: இறக்கைகளில் ஒன்றை அதிகமாகவும் இன்னொன்றைக் குறைவாகவும் தேய்த்துவிட்டார். எடை சமமில்லாத பிளேடு சுற்றும்போது தண்டு ஆடும். ஆட்டத்தில், தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேயும். தேய்ந்த வழியே தண்ணீர் இறங்கும். பிளேடைக் கழற்றி, நடுத்துளையில் மெல்லிய ஆணியைக் கொடுத்துத் தொங்கவிட்டுச் சுழற்றுங்கள். எப்போதும் ஒரே இறக்கை கீழே வந்து நின்றால் அதுதான் கனம். அதை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். புஷ்ஷையும் வாஷரையும் மாற்றத்தான் வேண்டும். கல் உப்பைப் போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்பதும் கதை; எஃகைவிட உப்பு எவ்வளவோ மிருது, அழுக்கைத்தான் எடுக்கும்.

கேள்வி: தையல் கத்தரி சாணைக்குப் போய் வந்ததும் துணியை வெட்டாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடித்து இழுக்கிறது.
– வாசகி, ஈரோடு

பதில்: முதலில் நடுத்திருகைப் பாருங்கள். கத்தரியின் நுனி மேலே இருக்கும்படி ஒரு கைப்பிடியைப் பிடித்து மற்றதை விரித்து விடுங்கள். தடாலென்று விழுந்தால் திருகு தளர்ந்திருக்கிறது. கால் சுற்று முடுக்கினாலே போதும். மெதுவாக இறங்கி வழியில் நின்றால் திருகு சரி.

திருகு சரியாக இருந்தும் மடித்தால், அலகின் உள்பக்கத்தைக் கல்லில் வைத்துவிட்டார்கள். கத்தரியின் அலகுகள் லேசாக வளைந்தவை; மூடும்போது ஒரே ஒரு புள்ளியில் உரசி, அந்தப் புள்ளி நுனிவரை நகர்ந்து போகும். உள்பக்கம் தேய்ந்தால் அந்த உரசல் அறுந்துவிடும். கத்தரிக்கு வெளிச்சரிவை மட்டுமே தேய்க்க வேண்டும். கத்திக்கும் கத்தரிக்கும் ஒரே கல், ஒரே கை என்று வேலை செய்பவரிடம் தையல் கத்தரியைக் கொடுக்காதீர்கள். ரொட்டி வெட்டும் பல் கத்திக்கும் இதே எச்சரிக்கை. தட்டைக் கல்லில் வைத்தால் பல்லே போய்விடும்.

கேள்வி: மீன் அரியும் ஜப்பானியக் கத்தி, ஒரு பக்கம் மட்டும் சரிவு உள்ளது. கடைத்தொகுதியில் இருந்த சாணைக் கடையில் இரண்டு பக்கமும் சரிவு போட்டுவிட்டார்கள்.
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: இது பெரிய சேதம். அந்தக் கத்தியின் பின்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும், ஓரம் மட்டும் கல்லில் படும். அங்கே போட்ட சரிவு மறையும்வரை வாயை முழுக்கப் பின்வாங்கித் தேய்க்க வேண்டும். சில மில்லிமீட்டர் அகலம் போகும். நீர்க்கற்களில் (தண்ணீரில் நனைத்துத் தீட்டும் கற்களில்) கையால் தீட்டுபவரிடம் மட்டும் காட்டுங்கள். மோட்டார்க் கல்லில் இன்னொரு முறை வைத்தால் மிச்சமும் போய்விடும்.