இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. ரெட் டெட் 2 வாங்கலாமா?

கேள்வி: வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம்தான் கேம் ஆட முடிகிறது. நண்பர் வீட்டில் பிஎஸ்4-ல் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' ஆடிப் பார்த்தேன். பட்டனை அழுத்தினால் ஆள் யோசித்துவிட்டு நகர்வது போல இருக்கிறது. துப்பாக்கிக்கு எண்ணெய், குதிரைக்குத் தீனி என்று ஓயாத பராமரிப்பு வேறு. ஆனால் எல்லோரும் புகழ்கிறார்கள். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் தள்ளுபடி வரும்போது கணினிக்கு வாங்கலாமா?

பதில்: உங்கள் கையில் கோளாறு எதுவும் இல்லை. 2018-ல் வந்த இந்த கேமில் நாம் ஆட்டிவைக்கும் நாயகன் ஆர்தர் திரும்புவது, குனிவது, ஒரு பொருளை எடுப்பது எல்லாமே முழுநீள அசைவுகள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. ஒரு வீட்டில் அலமாரியைத் துழாவுகிறீர்கள் என்று வையுங்கள். கதவைத் திறப்பார், டப்பாவை எடுப்பார், பைக்குள் போடுவார். பிறகு அடுத்த டப்பாவுக்கும் அதே சடங்கு. அதற்குள் வெளியே சண்டை மூண்டால், ரைஃபிள் குதிரைச் சேணத்திலேயே கிடக்கும்.

இதில் இரண்டு வகை மெதுவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பனிமலையில் நடக்கும் முதல் அத்தியாயம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் இழுக்கும். அதைத் தாண்டிவிட்டால் கதை சூடுபிடிக்கும். கையில் உணரும் மெது அப்படிப் போகாது, கடைசிவரை கூடவே வரும். பிஎஸ்4-ல் திரையில் நொடிக்கு 30 ஃபிரேம் (படங்கள்) தான். நல்ல கணினியில் 60 கிடைத்தால் பட்டனுக்கும் அசைவுக்கும் இடையிலான தாமதம் குறையும், ஆனால் அசைவின் நீளம் குறையாது. டிவியாலும் தாமதம் கூடலாம்; நண்பர் வீட்டு டிவியில் அதைக் குறைக்கும் 'கேம் மோட்' போட்டு இன்னொரு முறை ஆடிப் பாருங்கள். செலவில்லாத சோதனை இது.

பராமரிப்பில் பாதியை விட்டுவிடலாம். ஆர்தரின் கும்பல் தங்கும் முகாமுக்குப் பணம் போடாவிட்டாலும் கதை நிற்காது. வரைபடத்தில் இடத்தைக் குறித்துவிட்டு சினிமா கேமராவுக்கு மாறினால் குதிரை தானே சாலையோடு போகும். இரண்டாம் அத்தியாயத்தில் முகாம் கணக்கேட்டைத் திறந்து, முதலில் கும்பல் தலைவன் டச்சின் கூடாரத்துக்கு 220 டாலர், அடுத்து ஆர்தரின் கூடாரத்துக்கு 325 டாலர் செலவழித்தால் (கேம் பணம்தான்) முகாமிலிருந்து தொலைவான ஊர்களுக்கு நேராகப் போகலாம். திரும்பி வரும் வழி உங்கள் பாடு.

அப்படியும், ஒரு மணி நேரம் மட்டுமே உள்ளவருக்கு இதை இப்போது வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதி இரவு சவாரியிலேயே போய்விடும். குதிரையும் திறந்த வெளியும் வேண்டுமென்றால் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' 2024-லேயே கணினிக்கு வந்துவிட்டது. அதில் சேணத்தில் உட்கார்ந்தபடியே வழியில் கிடப்பதை அள்ளிக்கொண்டு போகலாம். 'விட்சர் 3'-ம் நல்லது. அதன் நடை மந்தமாக இருப்பதாகக் குறை எழுந்தபோது, 2015-லேயே ஒரு அப்டேட்டில் வேறு நகர்வு முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி கொடுத்தார்கள். ஆயுதம், மருந்து செய்யச் சேர்க்கும் மூலப்பொருள்களின் எடையையும் சுமைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆடுபவரின் நேரத்தை மதிப்பது என்றால் இதுதான்.

சரி, ரெட் டெட்தான் வேண்டுமென்றால் ஸ்டீமின் விதியை நினைவில் வையுங்கள்: வாங்கிய 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால்தான் பணம் திரும்பும். அந்த இரண்டு மணி நேரம் முடியும்போது நீங்கள் இன்னும் பனியில்தான் இருப்பீர்கள். அதனால் கதைக்காகக் காத்திருக்காமல், ஓடுவதும் சுடுவதும் கைக்கு ஒத்துவருகிறதா என்று மட்டும் பாருங்கள். கேமை நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த நேரம் கணக்கில் ஏறும், மூடிவிட்டுப் போங்கள். ஆடிய நேரம் ஒன்றரை மணி நேரத்தைத் தொடும்போது அடிக்கும்படி போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.