மானுக்குத் தீனி வைக்கும் விதிக்கு ஊர்மக்களிடம் ஏன் கருத்துக் கேட்கிறார்கள்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வேட்டைக்காக மக்காச்சோளம் கொட்டி மானை வரவழைப்பது இரை வைத்தல். கொல்லைப்புறத்தில் கண்டு ரசிக்க வைப்பது தீனியிடல். நோக்கம் வேறானாலும் சிக்கல் ஒன்றுதான்: ஒரே குவியலில் பல வாய்கள். 2002-இல் அங்கே கண்டறியப்பட்ட, மானை எலும்பும் தோலுமாக்கிக் கொல்லும் நோய் எச்சில் வழியாகவும் பரவுகிறது. அதன் கிருமி போன்ற புரதம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. தண்ணீர்ப் பந்தலில் எல்லோரும் ஒரே குவளையை எச்சில்படக் குடிப்பது போலத்தான்.

குவியல் கொட்டுபவர்களே ஏற்காத விதியை எந்த அதிகாரி காட்டுக்குள் போய்க் காப்பார்? அதனால்தான் ஏப்ரல் தோறும் அங்குள்ள 72 கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் போன்றவை) வேட்டை விதிகள் பற்றிக் கருத்துக் கேட்கிறார்கள்.

பலர் நினைப்பதுபோல் அது தேர்தல் அல்ல. அங்கே மக்கள் அளிக்கும் வாக்குகள் ஆலோசனை மட்டுமே. நோய் தென்பட்ட கவுண்டியில் இரை வைக்கவும் தீனியிடவும் 3 ஆண்டுத் தடை சட்டப்படியே வருகிறது.